ஒரு பார்வைக்குப் பன்னிரண்டு பக்கம்

டாக்டர் முனீப் எழுதிய புத்தகத்தை நான் மூன்று தடவை படித்தேன். பிடித்துப்போய் இல்லை. இவ்வளவு படித்த மனுஷனால் இவ்வளவு தப்பாகப் பார்க்க முடியுமா என்று நம்பமுடியாமல்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். முடியும் போலிருக்கிறது. படிக்கப் படிக்கக் கண் மங்கிப்போகும் ஒரு ஜாதி உண்டு, அதில் இவர் தலைவர்.

புத்தகத்தின் பெயர் 'விலகும் கண்கள்'. கெய்ரோவின் ஸ்டூடியோக்களில் எடுத்த பழைய கல்யாணப் படங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, நம் குடும்பங்களுக்குள்ளே என்ன நடந்தது என்று கண்டுபிடித்திருக்கிறாராம். முந்நூற்று இருபது பக்கம். அட்டையில் இருப்பது எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடி விதாத்தும் அவள் புருஷன் ஷவ்கியும். நாற்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய படம்.

படத்தில் ஷவ்கி இடப்பக்கம் நிற்கிறான். கோட்டு, டை, நெஞ்சில் வைத்த கை, விரலில் மோதிரம். இன்னொரு கை பேன்ட் பைக்குள். முகத்தை லேசாகத் திருப்பி விதாத்தையே பார்க்கிறான். அவள் வலப்பக்கம், வெள்ளை முக்காட்டோடு, பூங்கொத்தோடு. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு எதிர்ப்பக்கம், படத்துக்கு வெளியே, யாரையோ பார்க்கிறாள். கண்ணில் கொஞ்சம் ஈரம்.

இந்தப் பார்வையைப் பற்றி டாக்டர் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. கணவன் பார்க்கிறான், மனைவி வெளியேறுகிறாள் என்கிறார். இருவர் மேலும் விழுவது ஒரே வெளிச்சம் இல்லை என்கிறார். படச்சட்டத்துக்கு வெளியே ஒரு மூன்றாமவன் நிற்கிறான், அவள் மனசு அவனிடம் இருக்கிறது என்கிறார். இரண்டு தோளுக்கும் நடுவே மேலிருந்து கீழாக மெல்லியதாக ஒரு நிழல் ஓடுகிறதே, அது தனிமையின் எல்லைக்கோடாம்.

எல்லைக்கோடாவது மண்ணாங்கட்டியாவது. அது என் தூரிகை கொஞ்சம் தடித்த இடம்.

நான் இவோன். கெய்ரோவில் எங்கள் ஷுப்ரா பேட்டையில், அர்ஷாவிர் ஸ்டூடியோவில், முப்பத்தோரு வருஷம் டச்சிங் வேலை, படத்தில் இருக்கிற குறையைத் தூரிகையால் மறைக்கிற வேலை, பார்த்தவள். அந்தப் படத்தை ஒட்டியவளே நான்தான். படம் எடுத்த அன்று ஷவ்கி கெய்ரோவிலேயே இல்லை. பாக்தாதில் எவனுடைய வீட்டுக்கோ சுவர் பூசிக்கொண்டிருந்தான். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து ஆம்பளைகளில் பாதிப் பேர் ஈராக்கில்தான் இருந்தார்கள். அண்ணனுக்கோ அப்பாவுக்கோ அதிகாரப் பத்திரம் அனுப்புவார்கள், இங்கே அவர் மாப்பிள்ளைக்குப் பதிலாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார், கல்யாணம் முடிந்துவிடும். ஆனால் கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டுமே. அதனால் மாப்பிள்ளை அங்கே ஒரு ஸ்டூடியோவில் நின்று எடுத்த நெகடிவை அனுப்புவான், பொண்ணு இங்கே வந்து நிற்பாள், நான் இரண்டையும் பிரின்ட் போட்டு வெட்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, தூரிகையால் மூடி, மறுபடி படம் எடுத்துக் கொடுப்பேன். இப்படி இருநூறு ஜோடியாவது சேர்த்துவைத்திருப்பேன். ஷுப்ராவில் ஐம்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் இது தெரியும். இரண்டாயிரம் படங்களைச் சேகரித்த டாக்டருக்குத் தெரியவில்லை. அர்ஷாவிரின் மகன் பெட்டி பெட்டியாக அவருக்கு விற்றான், அவர் வாங்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்தார். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது.

சரி, எழுதியவர்தான் அப்படி என்றால் படித்தவர்கள் அதற்கு மேல்.

முதல் மாடி லம்ஈ வாத்தியார் பள்ளிக்கூடத்தில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். புத்தகம் வந்த வாரமே வாங்கிவிட்டார். சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வாசலில் எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்து படித்தார். இருபத்திரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வைத்திருந்தார். ஒரு மாசம் கழித்தும் அந்த டிக்கெட் அதே பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் புத்தகத்தைப் பற்றி அவர் பேசாத நாள் இல்லை, எப்பேர்ப்பட்ட ஆழம், எப்பேர்ப்பட்ட ஆழம் என்று. நான் அது ஒட்டுப்படம் என்று சொன்னபோது, உண்மை என்பது நீ நினைக்கிற மாதிரி அவ்வளவு சுலபமான விஷயம் இல்லை என்று எனக்குப் பாடம் எடுத்தார். என் கையால் பசை தடவியிருக்கிறேன், எனக்கே உண்மையைப் பற்றிப் பாடம்.

மருந்துக்கடை இன்ஸாஃப் வேறு மாதிரி. ஒரே மூச்சில் முழுசாகப் படித்தாள், படித்துவிட்டு அழுதாள், அழுதுவிட்டுத் தன் கல்யாண ஆல்பத்தை இறக்கிப் பார்த்தாள். முப்பத்திநாலு படங்களில் ஒன்றில்கூட அவள் புருஷன் அவளைப் பார்க்கவில்லையாம். இரண்டு வாரம் அவருக்குச் சோறு போட்டாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனுஷருக்கு மாறுகண். அவர் யாரைப் பார்க்கிறார் என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. இருபத்தெட்டு வருஷமாக அவரோடு வாழ்கிற இவளுக்கு அது ஞாபகம் வரவில்லை, புத்தகத்தில் இருந்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

சின்னப் பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். இப்போது எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையும் பொண்ணும் ஆளுக்கொரு திசையில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அட்டைப்படம் மாதிரி எடுங்கள் என்று சொல்லி எடுக்கிறார்கள். நன்றாக இருங்கள் என்று நானும் வாழ்த்திவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் பார்த்து எனக்கு எரிச்சலாக இருந்தது என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதியில் எனக்குக் குஷி. மூன்று பட்டம் வாங்கின மனுஷன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் என் ஒட்டைக் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்த ஒரே கோட்டையும் தனிமை என்று நினைத்துக்கொண்டார். ரொட்டிக் கடை வரிசையில், தேவாலய முற்றத்தில், மாடிப்படியில், யார் அகப்பட்டாலும் இதைச் சொன்னேன். எழுபது வயதில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. கொஞ்சம் ஆடிவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஆட்டத்தில் முதல் ஊசி குத்தியது இஸ்திரிக்கார பாயூமி. எங்கள் கட்டடத்துக்கு எதிரே கடை. எழுதப் படிக்கத் தெரியாது, தன் பெயரைக்கூடக் கோணல்மாணலாகத்தான் போடுவான். லம்ஈ வாத்தியார் சட்டை கொடுக்க வந்தபோது புத்தகத்தை மேஜைமேல் வைத்திருக்கிறார், இவன் அட்டையைப் பார்த்திருக்கிறான். மறுநாள் நான் தெருவைக் கடக்கும்போது கூப்பிட்டான்.

"அக்கா, ஷவ்கி அண்ணனுக்கு இந்தக் கோட்டை எவன் தச்சான்? மேல் பை வலது நெஞ்சுல இருக்கு. பட்டனும் பொம்பளைங்க சட்டை மாதிரி மாறி இருக்கு."

போய் உன் பெட்டியைப் பார், யார் பேன்ட்டோ கருகுகிறது என்று அவன்மேல் எரிந்து விழுந்துவிட்டு நடந்தேன். நாற்பத்தோரு வருஷத்தில் ஒருத்தர் கண்ணிலும் படாதது. தினமும் கோட்டைப் புரட்டுகிறவன் கண்ணில் பட்டுவிட்டது.

இனி ஷவ்கிக்கு வருகிறேன். அவனும் ஒரு வாசகன்தானே.

புத்தகத்தை வாங்கிவந்தது அவர்கள் மகள் ரீஹாம். அப்பா அம்மா படம் அட்டையில் என்று அவளுக்குப் பெருமை. ஷவ்கிக்கு அதைவிடப் பெருமை, கையில் தூக்கிக்கொண்டு காப்பிக்கடைக்குப் போய் எல்லாருக்கும் காட்டினான். அந்தப் படத்தின்மேல் அவனுக்கு எப்போதுமே ஒரு பிரியம். மற்ற படங்களில் என் மூஞ்சி என் மூஞ்சி மாதிரியே இல்லை, இதில்தான் நான் சரியாக இருக்கிறேன் என்பான். காப்பிக்கடையில் எவனோ ஒரு புண்ணியவான் எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து, பகடைக் கட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, நாலு பேர் கேட்க உரக்கப் படித்திருக்கிறான். மூன்றாமவன் வரைக்கும் படித்திருக்கிறான்.

ஷவ்கி வீட்டுக்கு வந்து படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றானாம். பிறகு ஒரு பையில் இரண்டு சட்டையை எடுத்துப்போட்டுக்கொண்டு ஆற்றுக்கு அக்கரை இம்பாபாவில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். அறுபத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் வலி. பொண்டாட்டி அன்றைக்கு யாரைப் பார்த்தாள் என்று தெரியாமல் இந்த வீட்டுக்குள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் விதாத் நாலாம் மாடி ஏறி என் வீட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யாரைப் பார்த்தேன்னு கேக்கறார் அக்கா. உங்களைத்தான்னு சொன்னேன். நான்தான் பாக்தாத்ல இருந்தேனேங்கறார். இவோன் அக்கா உங்க சின்ன போட்டோவைத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க, அதைப் பார்த்தேன்னு சொன்னேன். அப்போ நான் நிக்கற பக்கம்தானே பிடிச்சிருப்பாங்க, நீ ஏன் அந்தப் பக்கம் பார்த்தேங்கறார்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் எந்தப் பக்கம் பார்த்தேன்? எனக்கே சந்தேகமா இருக்கு."

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் நான்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வயசாகிவிட்டால் எல்லாம் மறந்துதான் போகும், ரெண்டு நாளில் அவனே வருவான், தேநீர் குடி என்று சொன்னேன். டாக்டர் முனீப்பையும் வாத்தியாரையும் காறித் துப்புகிற நாக்குதான் இதையும் சொன்னது. அவள் தேநீர் குடிக்காமல் இறங்கிப் போனாள்.

நடந்தது இதுதான். படமெடுத்த அன்று விதாத்துக்கு இருபத்தொரு வயசு. காமிராவைப் பார்த்தால் மரம் மாதிரி நின்றாள். அர்ஷாவிர் என்னைக் கூப்பிட்டு, ஷவ்கியின் சின்ன போட்டோவைக் காமிராவுக்கு வலப்பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பக்கம்தான் அவனை ஒட்டுவதாக ஏற்பாடு. பாக்தாத் நெகடிவில் அவன் இடப்பக்கம் திரும்பி நின்றான், ஆகவே வலப்பக்கம் ஒட்டினால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். விதாத் அந்தச் சின்ன போட்டோவைப் பார்த்தாள். அப்புறம் அவளை நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. அப்போதே படம் எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, விதாத்தின் அம்மா ஒட்டுவதற்கு முன்னால் பார்க்க வந்தாள். பாக்தாத் படத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஷவ்கி அதை எடுத்துக்கொண்டது பத்திரம் எழுதுவதற்கு முன்னால், மோதிரம் வலது கையில் இருந்தது. வலது கை என்றால் நிச்சயதார்த்தம், கல்யாணம் ஆனால்தான் இடது கைக்குப் போகும், இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கூடத்தில் மாட்டினால் நாலு பேர் பார்த்து, பொண்ணு மோதிரம் மாத்திவிட்டாள், மாப்பிள்ளை இன்னும் மாத்தவில்லை, கைவிடப் போகிறானா என்று பேசுவார்கள் என்றாள். இடது கையோ பேன்ட் பைக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒருத்தர் பாக்தாத் போகிறார், அவரிடம் ஒரு பிரதி கொடுத்தனுப்ப வேண்டும், ஏதாவது செய் என்று உயிரை வாங்கினாள்.

நான் நெகடிவைப் புரட்டிப் போட்டேன். அவ்வளவுதான். ஒரு நொடி வேலை. வலது கை இடது கை ஆகிவிட்டது, மோதிரம் சரியான விரலுக்கு வந்துவிட்டது. ஆனால் ஆளும் மறுபக்கம் திரும்பிவிட்டான், வலப்பக்கம் ஒட்டினால் விதாத்துக்கு முதுகு காட்டி நிற்பான். அதனால் இடப்பக்கம் ஒட்டினேன். விதாத்தைப் புரட்ட முடியாது, புரட்டினால் அவள் மோதிரம் தப்பான கைக்குப் போகும். ஆகவே அவன் அவளைப் பார்த்தான், அவள் அவன் இருக்க வேண்டிய வெற்றிடத்தைப் பார்த்தாள். அவளை மறுபடி வரவழைத்து எடுத்திருக்க வேண்டும். எனக்குச் சோம்பல். கோட்டுப் பை வலது நெஞ்சுக்குப் போனதை நான் கவனிக்கவே இல்லை, படம் கொடுத்த பிறகுதான் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஷவ்கிக்கு அந்தப் படத்தில் மட்டும் தன் முகம் சரியாகத் தெரிந்ததற்கும் அதுதான் காரணம். கண்ணாடியில் தினமும் பார்க்கிற மூஞ்சி அது.

இரண்டு நாளில் வருவான் என்றேன், வரவில்லை. ஒன்பதாம் நாள் விதாத் திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டி, அவனுக்குப் பிடிக்குமே என்று பாயூமியிடம் கொடுத்து இம்பாபாவுக்கு அனுப்பினாள். பாத்திரம் மூடி திறக்காமல் திரும்பி வந்தது. கூடவே ஒரு சேதியும் வந்தது. வியாழக்கிழமை டாக்டர் நகரத்துப் புத்தகக் கடையில் பேசுகிறாராம், ஷவ்கி நேரில் போய்க் கேட்கப்போகிறானாம். சரியான பதில் வராவிட்டால் சனிக்கிழமை பதிவாளரிடம் போய்க் கல்யாணத்தை முறித்துக்கொள்வானாம். பாயூமி இதை என் வாசலில் நின்று சொன்னான். பாத்திரத்தை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. நானும் வாங்கிக்கொள்ளவில்லை. இருவருமாகப் படியில் நின்றோம்.

அன்றே இம்பாபாவுக்குப் போனேன். ஷவ்கி தம்பி வீட்டு பால்கனியில் பைஜாமாவோடு உட்கார்ந்திருந்தான். மோதிரம், நெகடிவ், பை, பட்டன், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் வாயால் என் வேலையைக் கெட்ட வேலை என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவன் கேட்டுவிட்டு, அவள் சொல்லி அனுப்பினாளா என்றான்.

"புத்தகத்துல போட்டிருக்கு அக்கா. டாக்டர் போட்டிருக்கார். நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்டடம், ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டீங்க. அவருக்கு என்ன வந்துச்சு பொய் எழுத?"

அச்சில் வந்துவிட்டால் போதும் இந்த ஆம்பளைகளுக்கு. நாற்பத்தோரு வருஷம் பக்கத்தில் படுத்தவள் சொன்னால் பொய், முன்பின் தெரியாதவன் காகிதத்தில் சொன்னால் சத்தியம்.

வியாழக்கிழமை சாயங்காலம் விதாத்தைக் கூட்டிக்கொண்டு மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் போனேன். என் கைப்பையில் படத்தைச் சுற்றி வெட்டுகிற பழைய வளைந்த கத்தரிக்கோலை வைத்திருந்தேன். கடையில் ஐம்பது அறுபது பேர். லம்ஈ வாத்தியார் முதல் வரிசையில் பஸ் டிக்கெட்டோடு. இன்ஸாஃப் கைக்குட்டையோடு. ஷவ்கி கடைசி வரிசையில், முகம் மழித்து, அறுபத்தாறு வயதுக்குத் தொளதொளத்துப்போன கோட்டு போட்டுக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் ஒரு மணி நேரம் பேசினார். கழுத்தில் வெயில் காலத்திலும் ஒரு துண்டு சுற்றியிருந்தார். படம் என்பது காட்டுவதற்கல்ல, மறைப்பதற்கு என்றார், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். கேள்வி நேரம் வந்ததும் ஷவ்கி எழுந்து, அட்டையில் இருப்பது நான்தான் என்றான். கூட்டம் கை தட்டியது. டாக்டர் மேடையைவிட்டு இறங்கி வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உயிரோடு ஒரு அத்தியாயம் நடந்து வந்திருக்கிறதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷவ்கி அசையாமல் நின்றான்.

"அவ யாரைப் பார்த்தான்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. எனக்குப் பேர் வேணும்."

டாக்டர் சிரித்தார். மூன்றாமவன் என்றால் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அது ஏக்கமாக இருக்கலாம், அவள் வாழாத வாழ்க்கையாக இருக்கலாம் என்றார். ஷவ்கி மறுபடியும் பேர் வேண்டும் என்றான். டாக்டர் அவன் தோளில் கை வைத்து, குரலை இறக்கி, ஆனால் மைக்கை வாயிலிருந்து எடுக்காமல், அந்தப் பெயர் உங்கள் மனைவிக்கு மட்டும்தான் தெரியும் என்றார். ஷவ்கியின் கண் எங்கள் பக்கம் வந்தது, கூடவே அறுபது தலையும் திரும்பி விதாத்தைப் பார்த்தன.

நான் எழுந்தேன். நேரே மேஜைக்குப் போய், அடுக்கியிருந்த புத்தகத்தில் ஒன்றை எடுத்து, மேலட்டையைக் கழற்றினேன். கத்தரிக்கோலை எடுத்தேன். டாக்டர், அம்மா என்ன செய்கிறீர்கள் என்று ஓடிவந்தார். நான் வெட்ட ஆரம்பித்துவிட்டேன். தோளில் ஆரம்பித்து, முக்காட்டின் மடிப்புக்குள் புகுந்து, பூங்கொத்தைச் சுற்றி, கீழே வரைக்கும். ஒரு இடத்தில்கூட கை நிற்கவில்லை. அந்த வழி என் கைக்குத் தெரியும், அதைப் போட்டதே என் கை. இரண்டு துண்டாகிவிட்டது. ஷவ்கியின் துண்டைத் திருப்பி, முதுகுப்பக்கம் தெரியும்படி மேஜை விளக்குக்கு முன்னால் பிடித்தேன். வெளிச்சத்தில் மறுபக்கத்து உருவம் தெரிந்தது. மோதிரம் வலது கைக்குப் போனது. பை இடது நெஞ்சுக்கு வந்தது. அதை விதாத்துக்கு வலப்பக்கம் நகர்த்தினேன். அவள் அவனைப் பார்த்தாள்.

"இங்கதான் அவன் போட்டோவை நான் பிடிச்சிருந்தேன். அவனைத்தான் பார்த்தா. நிச்சய மோதிரத்தை மறைக்கறதுக்காக நெகடிவைப் புரட்டி, பக்கம் மாத்தி ஒட்டினது நான். சோம்பேறித்தனம். என் தப்பு. கோட்டுப் பை இடம் மாறிக்கிடக்குன்னு இவ்வளவு பேர்ல ஒருத்தரும் பார்க்கல. எங்க தெரு இஸ்திரிக்காரன் பார்த்தான், அவனுக்குப் படிக்கத் தெரியாது."

ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், இவர்களுக்கு வெட்கம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

டாக்டர் முனீப் கை தட்டினார். அற்புதம், அற்புதம் என்றார். நான் எழுதியது இப்போதுதான் நிரூபணமாயிற்று, இல்லாத கணவனைப் பார்க்கும் மனைவி, இதைவிடப் பெரிய தனிமை எது, இரண்டாம் பதிப்பில் இந்த வெட்டுக்கு ஒரு தனி அத்தியாயம் என்றார். கூட்டமும் கை தட்டியது. வாத்தியார் இருபத்திரண்டாம் பக்கத்து ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார். இன்ஸாஃப் என் கையைப் பிடித்து, படம் வேண்டுமானால் பொய்யாக இருக்கலாம் அக்கா, நான் அழுதது பொய்யா என்று கேட்டாள். இல்லைம்மா, வீட்டுக்குப் போய் அவரிடம் பேசு என்றேன். இதுகளை என்ன சொல்ல. எதை வெட்டிக் காட்டினாலும் ஆளாளுக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு போகிற கூட்டம்.

ஷவ்கி மட்டும் மேஜை ஓரமாக வந்து இரண்டு துண்டுகளையும் பார்த்தபடி நின்றான். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். பிறகு விதாத்திடம் போய், வா, வீட்டுக்குப் போகலாம் என்றான். அவ்வளவுதான் சொன்னான். பதினோரு நாளுக்கு அவ்வளவுதான்.

விதாத் எழுந்தாள். மேஜைக்கு வந்து இரண்டு துண்டையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் அக்காவோடு வந்தேன், அக்காவோடுதான் போவேன் என்றாள். மெட்ரோவில் நாங்கள் பெண்கள் பெட்டியில் வந்தோம், அவன் அடுத்த பெட்டியில் வந்தான்.

பிறகு அவன் வீட்டில்தான் இருந்தான். அவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான், சோபாவில் படுத்தான். கூடத்துச் சுவரில் படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. எனக்கு இதெல்லாம் ரீஹாம் சொல்லித் தெரியும்.

மூன்று வாரம் கழித்து டாக்டரிடமிருந்து எனக்கு ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே அசல் நெகடிவ் இரண்டும். வேலை செய்த விதத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும், இரண்டாம் பதிப்புக்கு, என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. நெகடிவைத் திருப்பித் தரவும் இல்லை. எடுத்துக்கொண்டு விதாத்திடம் போனேன், சொல்லு, சரியான பக்கம் வைத்து ஒட்டித் தருகிறேன் என்றேன். ஒட்டுங்கள் என்றாள்.

ஷவ்கியைப் புரட்டாமல், இருந்தபடியே பிரின்ட் போட்டு, விதாத்துக்கு வலப்பக்கம் வைத்து ஒட்டினேன். வயசான கைக்கு நாலு நாள் ஆயிற்று. சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கூடத்து மேஜைமேல் வைத்தேன். அவள் அவனைப் பார்க்கிறாள், அவன் அவளைப் பார்க்கிறான். ஒட்டு எங்கே என்று கேட்டால் எனக்கே தேட வேண்டும்.

ஷவ்கி குனிந்து பார்த்தான். முகம் சுளித்தது.

"இது நான் இல்லையே. வாய் கோணலா இருக்கு. வகிடு தப்பான பக்கம் இருக்கு."

"அதுதான் நீங்க" என்றாள் விதாத். "நாங்க எல்லாரும் தினம் பார்க்கறது இந்த மூஞ்சியைத்தான்."

அவன் இன்னும் குனிந்தான். கை வழியாக விரல்வரைக்கும் போனான். மோதிரம் வலது கையில் இருந்தது. பார்க்கிறவர்கள் நிச்சயம்தான் ஆகியிருக்கிறது என்று நினைப்பார்களே என்றான். எனக்கும் அது உறுத்தியது. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் கொடுத்தால் மோதிரத்தை அழித்துவிடுவார்கள், நாளைக்கே செய்து தருகிறேன் என்றேன்.

விதாத் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா. வலது கையிலேயே இருக்கட்டும். அவர் பேர் கேட்டுக்கிட்டு இம்பாபா போன அன்னைலேர்ந்து நிச்சயம்தான் ஆகியிருக்கு. கல்யாணத்தைப் பத்தி நான் இன்னும் முடிவு பண்ணல."

ஷவ்கி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் ஆணி அடிக்க வேண்டும், ஸ்டூல் எடுத்து வாருங்கள் என்றாள். அவன் போய் எடுத்து வந்தான். அவள் ஏறி அடிக்கும்வரை, முழங்கால் வலியோடு, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.